கோழியைக் கூப்பிடும் குரல்

"என் கோழியைக் கூப்பிட்டா அடுத்த வீட்டுக் கோழி வருது சாமி."

வந்ததும் வராததுமாகச் சிலம்பாயி சொன்னது இதுதான். மலையடியில் சுனைக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்தவரை ஊரில் சுனைச்சாமி என்பார்கள். சிலம்பாயியைவிட வயதில் சின்னவர்தான். மற்றவர்கள் அவரிடம் மோட்சத்துக்கு வழி கேட்டு வருவார்கள். இவள் கோழிக்கு வழி கேட்டு வந்தாள். சாமி சிரிக்கவில்லை.

"வந்தா என்ன?"

"தின்னுட்டுப் போகுது."

அப்புறம் கொட்டித் தீர்த்தாள். நொய்யை இறைத்துக் கையை உதறுவதற்குள் வேலிக்கு அடியில் நுழைந்து வந்துவிடுகின்றனவாம். இவள் வீட்டுக் குஞ்சுகளைக் கொத்தித் தள்ளுகின்றனவாம். இரண்டு வீட்டுச் சேவலும் கட்டிப் புரள்கின்றனவாம். நாளைக்கு அங்கே ஒன்றுக்குச் சீக்கு வந்தால் இங்கே கூடே காலியாகிவிடும். கல்லெடுத்து எறிந்தும் பார்த்தாளாம், அதுங்களுக்கு ரோஷமே கிடையாதாம்.

"உன் குரலுக்கு அது ஏன் வருது?"

சிலம்பாயி அதையும் சொன்னாள்.

அடுத்த வீடு அவளுடைய அக்கா வீடு. அம்மாவின் மனையைப் பாதியாகப் பிரித்து நடுவில் கிளுவை வேலி போட்டிருந்தார்கள். கோழியைக் கூப்பிட இருவரையும் பழக்கியவள் அம்மா. பா, பா என்று இரண்டு குட்டை, அப்புறம் ஒன்று நெட்டையாக இழுத்து. எந்த வீட்டுப் பா என்று கோழிக்கு என்ன தெரியும்?

"அக்காகிட்டச் சொல்றதுதானே?"

"எங்களுக்குள்ள பேச்சு இல்லை சாமி."

அம்மா செத்த அன்று அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். இவள் பதிலுக்கு ஒரு பாட்டம் சொன்னாள். அன்றோடு நின்றது.

சாமி உள்ளே போய், தான் சோறு தின்னும் தகரத் தட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"இனிமே வாயைத் திறக்காதே. குச்சியால இதுல அடி."

பலித்துவிட்டது. அவளுடைய கோழிகள் தட்டுச் சத்தத்துக்கு ஓடி வரப் பழகின. அக்கா வீட்டுக் கோழி ஒன்றுகூட வேலிப் பக்கம் தலை காட்டவில்லை. நொய் மிஞ்சியது, குஞ்சுகள் தேறின. சிலம்பாயிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுபடியும் சாமியிடம் வந்து நின்றாள். தட்டு இடுப்பில் இருந்தது.

"இன்னும் வருதா?"

"வரலை."

"அப்புறம் என்ன?"

"வரலை சாமி" என்றாள் மறுபடியும்.

சாமி காத்திருந்தார். அவருக்கென்ன, வேறு வேலையா இருக்கிறது?

மெல்ல மெல்லச் சொன்னாள். கோழி இந்தப் பக்கம் வந்தால் அதைத் திருப்பி அழைக்க அக்கா வேலியோரம் வருவாளாம். இவள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாளாம். இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவாளாம். இப்போது கோழி வருவதில்லை. அக்காவும் வருவதில்லை.

"அது எங்கம்மா குரல் சாமி. அக்கா தொண்டையில அப்படியே இருக்கு. அதைக் கேக்கறதுக்குன்னே சில நாள் ஒரு கை நொய் கூடப் போடுவேன்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அக்காவைப் பாக்கணும்போல இருக்கு."

சாமி கையை நீட்டினார். "தட்டைக் கொடு. இலையில தின்னு தின்னு அலுத்துப்போச்சு."

"அப்ப நான் எதால கூப்பிடுறது?"

"வாய் எங்கே போச்சு? போய்க் கூப்பிடு."

"இன்னைக்கேவா? நான் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது விழுந்துடும். கோழியெல்லாம் அடைஞ்சிருக்குமே."

"அடையட்டும்."

அவள் வீடு வந்து சேர்ந்தபோது மசங்கிவிட்டது. கோழிகள் தாமாகவே கூட்டுக்குள் ஏறியிருந்தன. கதவைச் சாத்தினாள். ஒரு கோழிகூட இல்லாத வாசலில் நின்று கோழியைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. யாராவது பார்த்தால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

கூப்பிட்டாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

கூட்டுக்குள் சேவல் ஒரு முறை கொக்கரித்து அடங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா வந்து நின்றாள். இந்தத் தரம் முகத்தைப் பார்த்தாள்.

"என் கோழி ஏதாச்சும் அங்க வந்துச்சா?"

"இல்லக்கா."

"தெரியும்" என்றாள் அக்கா. "கூட்டை மூடிட்டுத்தான் வந்தேன்."