கிணற்றடித் தூதுவளை

முன்னொரு காலத்தில் என்றுதான் தொடங்க வேண்டியிருக்கிறது; அந்த நாட்டின் பெயர் யாருக்கும் நினைவில்லை. அதை ஆண்ட இளவழுதி ராஜாவுக்கு, அவ்வப்போது வந்துபோகும் இருமல், அரசி இறந்ததிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டது. சிரிப்பும் அநேகமாக மறந்து போயிருந்தது. எப்போதாவது அவரைச் சிரிக்க வைப்பவன் விகடகவி உலகப்பன் ஒருவன்தான். அதனாலேயே அரண்மனைப் பிரதானி செண்பகராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

ஒருநாள் ராஜா உப்பரிகையில் நின்று கொல்லைப் பக்கம் பார்த்தார். கிணற்றடியில் அரசி வைத்த தூதுவளை தாறுமாறாகப் படர்ந்து கிடந்தது. அவள் போன பிறகு அதைப் பறிக்க ஆளில்லை. ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எங்கே பார்த்தாலும் புதராக இருக்கிறது. களையெல்லாம் போகட்டும்” என்றார்.

பக்கத்தில் நின்ற செண்பகராயருக்கு அதுவே போதுமாயிருந்தது.

“பிரபு, அந்தப் பொறுப்பை உலகப்பனிடம் கொடுங்கள். பேசியே சாப்பிடுகிறவன், கொஞ்சம் குனியட்டும். நாளை சபை கூடும்போது வேராகவோ இலையாகவோ, எந்த உருவிலும் மதிலுக்குள் களை இருக்கக் கூடாது. இருந்தால் அவன் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.”

பின்னால் நின்ற உலகப்பன் பணிவாகக் கேட்டான்: “களை எது என்று ஐயாவே சொல்லிவிட்டால் நல்லது.”

“இதுகூடத் தெரியாதா? யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக வளர்வது களை!”

“அப்படியே ஆகட்டும்” என்று ராஜா எதையும் யோசிக்காமல் உள்ளே போனார்.

மறுநாள் காலை ராஜா எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தார். பணியாள் வெறுங்கையோடு நின்றான்.

“எண்ணெய் எங்கேடா?”

“உலகப்பண்ணன் தூக்கிட்டுப் போயிட்டாருங்க. அதுல கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சியிருக்காம். வரப்புல தானா முளைச்சதாம்.”

வறண்ட தலையோடு ராஜா சாப்பிட வந்தார். மூட்டு வலிக்காக அவர் வழக்கமாகச் சாப்பிடும் முடக்கத்தான் தோசையைக் காணோம்.

“மாவையே அள்ளிட்டாருங்க, மகாராஜா” என்று சமையல்காரர் மூக்கை உறிஞ்சினார். “வேலியில தானா படர்ற கொடியாம். நான் கெஞ்சிக்கூடப் பார்த்தேன், கேக்கல.”

சளிக்கு ஆவி பிடிக்கலாமென்றால் நொச்சித் தழை இல்லை. காய்ச்சலுக்கென்று வைத்திருந்த நிலவேம்பு மூட்டையும் மதிலுக்கு வெளியே வண்டியில் ஏறியிருந்தது.

ராஜா பரட்டைத் தலையோடு, நொண்டிக்கொண்டு, இருமிக்கொண்டே சபைக்கு வந்தார்.

“உலகப்பா! என்னைப் படுக்கவைக்கப் பார்க்கிறாயா?”

“உத்தரவைத்தான் செய்தேன், மகாராஜா. எந்த உருவிலும் என்றார் பிரதானி ஐயா. எண்ணெயும் ஓர் உருவம், தோசையும் ஓர் உருவம்.”

சபையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். செண்பகராயர் மட்டும் தூணோரமாக நின்றார்.

“நீரும் உட்காரும்” என்றார் ராஜா.

“நிற்பதே சுகமாக இருக்கிறது, பிரபு.”

உலகப்பன் ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினான்; ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. “மூலத்துக்கு ஐயா விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுகிற துத்தி இலை, மகாராஜா. குப்பைமேட்டில் தானாக வளர்ந்தது. ஐயா வீடும் மதிலுக்குள்தானே? அதையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.”

சபை கொல்லென்று சிரித்தது. செண்பகராயருக்கு முகம் சிவந்துவிட்டது.

“சிரிக்க வேண்டாம்! கிணற்றடித் தூதுவளை அப்படியே நிற்கிறது, போய்ப் பாருங்கள். இவன் அதில் கை வைக்கவே இல்லை. சொன்னபடி நாட்டைவிட்டுப் போகட்டும்!”

சிரிப்பு நின்றது. ராஜா உலகப்பனைப் பார்த்தார். “உண்மையா?”

“உண்மைதான், மகாராஜா. ஐயா சொன்னபடி பார்த்தால் அது களை இல்லை. அதை அரசியார் தம் கையாலேயே வைத்தார். உங்கள் இருமலுக்காக வைத்தார். தாமே தண்ணீர் மொண்டு ஊற்றினார்.”

“அரசியார்தான் போய்விட்டாரே! இப்போது யார் ஊற்றுகிறார்கள்?” என்று கத்தினார் செண்பகராயர்.

உலகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். “நான்தான் ஊற்றுகிறேன், ஐயா.”

ராஜா எழுந்து கிணற்றடிக்கு நடந்தார். சபையே பின்னால் போனது. கொடியின் முன்னால் சற்று நின்றவர், ஓர் இலையைப் பறிக்கக் கை நீட்டினார். சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது.

“இதில் முள் இருக்கிறதா?”

“எப்போதுமே உண்டு, மகாராஜா. தண்டிலும் உண்டு, இலையிலும் உண்டு. அரசியார் இங்கேயே உட்கார்ந்து, எல்லா முள்ளையும் கிள்ளிவிட்டுத்தான் ரசத்துக்குக் கொடுப்பார்.”

“என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லையே.”

“சொல்லியிருந்தால் நீங்கள் ரசம் குடித்திருக்க மாட்டீர்கள். கரண்டியை வைத்துக்கொண்டு முள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.”

ராஜா சிரித்துவிட்டார். இருமல் வந்தும் நிறுத்தாமல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகப்பனுக்குப் போட்டார்.

“இனி நான் பறிக்கிறேன். முள் எடுப்பது உன் வேலை. ரசத்தில் பாதி உனக்கு.”

பிறகு வண்டிகளையெல்லாம் உள்ளே கொண்டுவரச் சொன்னார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

“பிரபு, எந்த வண்டி முதலில் வரும்?”

செண்பகராயர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு பொங்கியது.

“உலகப்பா, துத்தி வண்டியை முதலில் விடச் சொல். பாவம், மனிதர் உட்காரட்டும்.”