எடைக்கு எடை வெல்லம்

வசந்தாமணிக்கு எடை பார்க்கும் மெஷினைக் கண்டால் பயம்.

பவானி ஆற்றங்கரையில் சுகுணாம்மா நடத்தும் சின்ன தியான மடத்துக்கு வருகிறவர்களில் அவள்தான் மூத்தவள். ஐம்பத்து மூன்று வயது. குருவான சுகுணாம்மாவுக்கு முப்பத்தெட்டுதான். ஆனாலும் மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா. அவரோ வயதில் பெரியவர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

போன ஐப்பசியில் வசந்தாமணிக்கு மாரடைப்பு வந்தது. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் கணவர் நாச்சிமுத்து ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஊர் மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். இவளை முழுசாகத் திருப்பிக் கொடு தாயே, இவள் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

அம்மன் கொடுத்தாள். டாக்டர் கூடவே ஒரு சீட்டையும் கொடுத்தார். பன்னிரண்டு கிலோ குறைய வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரிக்கு மேல் போகக்கூடாது.

வசந்தாமணி ஒன்றை எடுத்தால் ஒழுங்காகச் செய்கிறவள். தின்ற இட்லி, குடித்த மோர், தாளித்த எண்ணெய் எல்லாவற்றையும் செல்போனில் எழுதினாள். மடத்தில் பிரசாதமாகக் கொடுக்கும் நாலு உலர்ந்த திராட்சையைக்கூட விடவில்லை. எண்பத்தாறு கிலோவில் தொடங்கி இரண்டு மாதத்தில் எண்பத்து மூன்றுக்கு வந்தாள். அதற்கப்புறம் நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். விரதம் இருந்திருந்தால் சாமியே மனமிறங்கி இருக்கும். மெஷின் இறங்கவில்லை.

முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் பயம். இறங்காத ஒவ்வொரு நாளும் நெஞ்சுக்குள் என்னவோ அடைத்துக்கொண்டு வருவதாக அவளுக்குத் தோன்றியது. மெஷினை அறையிலிருந்து சமையற்கட்டுக்கு மாற்றிப் பார்த்தாள். வளையலைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஒருநாள் ஏழு பவுன் தாலிக்கொடியையும் கழற்றிக் குளியலறை வாசல் ஆணியில் மாட்டினாள். அப்போதும் அதே எண்பத்து மூன்று.

அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து அந்தப் பக்கம் வந்தார். ஆணியில் தாலி மட்டும் தொங்கியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தது ஞாபகம் வந்துவிட்டது. வசந்தாமணி வெளியே வந்து பார்க்கையில், மனுசன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குக் காலையிலேயே அவள் மடத்துக்கு வந்துவிட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். குரு குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் என்ன தப்புப் பண்றேனுங்கம்மா? எதுக்கு எறங்க மாட்டீங்குது?"

"எறங்கலீன்னா என்னாகும்னு நெனைக்கறீங்க?"

"செத்துருவேனுங்க."

குரு அவளைத் தேற்றவில்லை. டாக்டரைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். போன வாரம் பார்த்தாளாம். இதயம் நன்றாக வேலை செய்கிறது, சர்க்கரை குறைந்திருக்கிறது என்றாராம். எடை சில நாள் அப்படித்தான் நிற்கும், பிறகு இறங்கும், பட்டினி மட்டும் கிடக்காதீர்கள் என்றாராம்.

"கெடக்கறீங்களா?"

வசந்தாமணி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளா ராத்திரி சாப்பிடறதில்லீங்க. கோயமுத்தூர்ல இருந்து மக செல்லுல பாக்கும்னு, ரெண்டு சப்பாத்தின்னு எழுதி வெச்சர்றேன். முந்தாநாள் மாடிப்படியில கண்ணு இருட்டிட்டு வந்துருச்சு."

குரு எழுந்து உள்ளே போனார். ஒரு சொம்பில் கம்மங்கூழும் இரண்டு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். வசந்தாமணி சொம்பையே பார்த்தாள்.

"இதுல எத்தனை கலோரிங்கம்மா?"

"எனக்குத் தெரியலீங்கக்கா."

அவள் பயந்து பயந்து குடித்தாள். பாதிக்கு மேல் பயம் போய்ப் பசி வந்துவிட்டது. மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் குரு வேண்டுதலைப் பற்றிக் கேட்டார். கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நடுவதற்குள் செய்துவிடலாம் என்று நாச்சிமுத்து மூன்று முறை கேட்டுவிட்டாராம். இவள்தான் தள்ளிப்போடுகிறாளாம்.

"டாக்டர் சொன்னபடி எழுவத்து நாலுக்கு வந்ததுக்கப்பறம் உக்காரலாம்னு இருந்தேனுங்க. ஊரே பாக்கும். இத்தனை எடையோட போயி உக்காந்தா, இவ எங்க பொழைக்கப் போறான்னு அந்த அம்மனுக்கே தோணாதுங்களா?"

அவள் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

"வர்ற செவ்வாய்க்கெழமை போலாமுங்களா?" என்றார் குரு. "நானும் கூட வர்றேன். அதுவரைக்கும் ராத்திரி எழுதறதைச் சாப்பிடுங்க."

வசந்தாமணி அந்த நாலு நாளும் எழுதியதைச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் பயந்தாள்.

செவ்வாய்க்கிழமை கோயில் மண்டபத்தில் பெரிய தராசின் சங்கிலிகளை இறக்கி வைத்திருந்தார்கள். நாச்சிமுத்து முப்பது கிலோச் சிப்பமாக மூன்று சிப்பம் உருண்டை வெல்லம் கொண்டுவந்து இறக்கினார். கூட்டம் அதிகமில்லை. ஆனால் இருந்த பத்துப் பேரும் வேறு வேலை இல்லாமல் நின்றிருந்தார்கள்.

தட்டில் உட்காரும்போது வசந்தாமணியின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போய்த் தாலிக்கொடியைப் பிடித்தது. குரு பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கையை எடுத்துவிட்டாள்.

எதிர்த் தட்டில் முதல் சிப்பத்தை வைத்தார்கள். தராசு அசையவில்லை. இரண்டாவதையும் வைத்தார்கள். அறுபது கிலோ. அப்போதும் இவள் தட்டு தரையோடு தரையாக இருந்தது. மூன்றாவது சிப்பத்தை அவிழ்த்து, உருண்டைகளை ஒவ்வொரு கிலோவாக அளந்து போடத் தொடங்கினார்கள். பூசாரி சத்தமாக எண்ணினார். இவ்வளவு எடையையும் தன் இதயம்தானே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று வசந்தாமணி நினைத்தாள். அது எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்றும் நினைத்தாள். எழுபத்து நாலு என்று பூசாரி சொன்னபோது, தட்டு தூக்கிவிடாதா என்று ஏங்கிக் கீழே பார்த்தாள். அது தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுபத்தைந்து. எழுபத்தாறு.

"அம்மா," என்று கூப்பிட்டாள். குரு குனிந்தார். "இனிமே போடறது பூராவும் என் தப்புங்க. போதும்னு சொல்லிருங்கம்மா."

"கண்ணைத் தொறந்து யாரு போடறாங்கன்னு பாருங்கக்கா."

வசந்தாமணி கண்ணைத் திறந்தாள். கோயில் ஆட்கள் ஒதுங்கி நின்றிருந்தார்கள். போட்டுக்கொண்டிருந்தது நாச்சிமுத்து. சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். ஒவ்வொரு உருண்டையாக இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, சத்தம் வராமல் வைத்தார். அவசரமே இல்லை. அவர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவள் ஐப்பசிக்கு அப்புறம் பார்த்ததில்லை.

எண்பத்து மூன்றில் தராசு ஆடியது. அவள் தட்டு தரையைவிட்டு மெல்ல எழுந்தது. போதும் என்றார் பூசாரி. நாச்சிமுத்து சாக்குக்குள் கைவிட்டு இன்னும் ஓர் உருண்டையை எடுத்து மேலே வைத்தார்.

தட்டு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. வசந்தாமணி பயந்துபோய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது.

"ஒம்போது கிலோ அதிகமுங்கம்மா," என்றாள்.

குரு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அம்மன்கிட்ட உங்களைக் கேட்டாரே, அப்ப அந்த ஒம்போது கிலோ வேண்டாம்னாருங்களாக்கா?"

வசந்தாமணி சங்கிலியை விட்டாள். எதிர்த் தட்டில் இருந்த வெல்லத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.