எந்த நாட்டிலும் இல்லாத தோப்பு

முன்பு, வெகு முன்பு, நெடுமுடி என்றொரு அரசர் ஒரு தேசத்தை ஆண்டுவந்தார். அந்தத் தேசம் கீழ்நாடு, மேல்நாடு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டுக்கும் தனித்தனி வரி அதிகாரிகள். நடுவே எல்லை எங்கே ஓடுகிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் சடைச்சி என்ற உழவுப் பெண் சபைக்கு வந்து அழுதாள்.

"சாமி, எனக்கு இருக்கறது ஒரே வயலு. கீழ்நாட்டு அதிகாரி வந்து நெல்லை அளந்துக்கிட்டுப் போறாரு. மறுநாளே மேல்நாட்டு அதிகாரியும் வந்து அளந்துக்கிட்டுப் போறாரு. இந்த வருசம் வெதைநெல்லும் போச்சு சாமி!"

அரசர் திடுக்கிட்டு எழுந்தார். "ஒரே வயலுக்கு இரண்டு வரியா? என் ஆட்சியிலா? உடனே எல்லையை அளந்து கல் நடுங்கள்!"

அளப்பவர்களுக்குக் கூலி, கயிறு, கல், வண்டி என்று பெருஞ்செலவாகும். அதை யார் கொடுப்பது? அரசவை விகடகவி அம்பலக்கூத்தன் மீது நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் பூதிநாதர் முன்னே வந்தார்.

"அரசே, கருவூலத்தைத் தொட வேண்டாம். கீழ்நாட்டாரிடம் வாங்கினால் மேல்நாட்டார் சிரிப்பார்கள். மேல்நாட்டாரிடம் வாங்கினால் கீழ்நாட்டார் சிரிப்பார்கள். இந்த மூன்று இடத்திலும் ஒரு காசுகூட வாங்காமல் செலவைத் திரட்ட வல்லவர் நம் விகடகவி ஒருவரே!"

அரசருக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. "நல்ல யோசனை! கூத்தரே, பத்து நாள் தருகிறேன். முடியாவிட்டால் தேசத்தை விட்டே போய்விட வேண்டும்."

கூத்தன், "ஆணையை எழுதித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டான். அமைச்சரே ஆசையோடு எழுதி முத்திரை வைத்தார்.

கூத்தன் நேரே சடைச்சியின் வயலுக்குப் போனான். இரண்டு அதிகாரிகளையும் வரி ஓலைகளோடு வரச் சொன்னான். சடைச்சியின் பெயர் இரண்டு ஓலைக்கட்டுகளிலும் இருந்தது. அவள் வயலை ஒட்டி முந்நூறு தென்னை நின்ற பெரிய தோப்போ ஒன்றில்கூட இல்லை!

"இது யார் தோப்பு?"

"அமைச்சருடையது. மேல்நாட்டில் இருப்பதாக அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்றார் கீழ்நாட்டு அதிகாரி.

"என்ன சொல்கிறீர்? கீழ்நாட்டில் இருப்பதாகவல்லவா என்னிடம் எழுதிக் கொடுத்தார்!" என்று அலறினார் மேல்நாட்டு அதிகாரி.

கூத்தன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். எதுவுமில்லாதவள் இரண்டு முறை கட்டுகிறாள். எல்லாம் உள்ளவர் ஒரு முறைகூடக் கட்டியதில்லை.

பத்தாம் நாள் சபை கூடியது.

"செலவைக் கொடுக்கப்போவது யார்?" என்று அரசர் கேட்டார்.

"அமைச்சர் பெருமான், அரசே."

"என்ன!" சபை முழுவதும் ஒரே குரலாகக் கூவியது. பூதிநாதர் முகம் சிவந்தார். "அரசே, இவன் ஆணையை மீறுகிறான்!"

"இல்லை அரசே. ஆணையில் உள்ளபடியே கீழ்நாட்டிலும் இல்லாத, மேல்நாட்டிலும் இல்லாத ஒருவரைத் தேடினேன். தேசம் முழுவதிலும் இவர் ஒருவர்தான் அகப்பட்டார்."

தோப்பைப் பற்றி அமைச்சர் இரு அதிகாரிகளுக்கும் எழுதிக் கொடுத்திருந்த இரண்டு ஓலைகளையும் கூத்தன் வாசித்தான். இரண்டும் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதியவை; இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை. அரசர் அமைச்சரையே வெறித்துப் பார்த்தார்.

"பதினோரு ஆண்டுகளாகவா?" என்று கேட்டார்.

பூதிநாதர் நாக்குழறினார். "அரசே... அது கீழ்நாடு என்றே வைத்துக்கொள்ளலாமே..."

"வைத்துக்கொள்ள வேண்டாம், அளந்தே பார்ப்போம்! செலவை இப்போதே கட்டும். தோப்பு எந்த நாட்டில் விழுகிறதோ, அந்த நாட்டுக்குப் பதினோரு ஆண்டு வரியையும் கட்டும். சடைச்சியிடம் கூடுதலாக வாங்கிய நெல் உம் களஞ்சியத்திலிருந்தே போகட்டும்!"

சொல்லி முடித்ததும் அரசருக்குச் சிரிப்பு பொங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தபடி, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார்.

எல்லைக்கல் நட்டாயிற்று. அறுவடையில் கீழ்நாட்டு அதிகாரி வந்து அளந்துகொண்டு போனார். மறுநாள் சடைச்சி பொழுது சாயும்வரை களத்திலேயே காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அதை நம்ப முடியாமல் இன்னொரு நாளும் காத்திருந்துவிட்டு, பிறகுதான் நெல்லை வீட்டுக்குள் எடுத்துப் போனாள்.