தண்டபாணி'ஸ் வார்டு

கவுன்சிலர் தண்டபாணி இங்கிலீஷ் கோச்சிங் போய் ஒரே ஒரு விஷயம் கற்றுக்கொண்டார். ஒரு பொருளில் நம் பேரை எழுதி, அதன் பின்னால் மேலே ஒரு சின்னக் கோடு இழுத்து எஸ் போட்டால் அந்தப் பொருள் நம்முடையதாம். அவ்வளவுதான், ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் எழுதிப் பிழைக்கும் ஏகவல்லியைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் கலெக்டர் வர்றாரு. வார்டுல நிக்கிற அத்தனையிலயும் தண்டபாணி'ஸ்னு இங்கிலீஷ்ல எழுதிடு. ஒண்ணு விட்டுப்போனாலும் இந்த ஊர்ல நீ பிரஷ்ஷே தொட முடியாது."

"ஒண்ணுகூட விடமாட்டேண்ணே."

பஸ் நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி, பொதுக் கழிப்பறை என்று அரசாங்கக் காசில் கட்டியதெல்லாம் அவருடையதானது. கடைசியாக, ஏரியை ஆக்கிரமித்து நின்ற சிமென்ட் குடோனிலும் எழுதினாள். அதைக் கட்டியது யாரென்று எல்லாருக்கும் தெரியும். அதிகாரிகள் கேட்டால் மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது.

மறுநாள் வந்த கலெக்டர் அதன் முன்னால் நின்றுவிட்டார். "இது உங்களுதா?"

தண்டபாணி கூட்டத்தில் நின்ற ஏகவல்லி பக்கம் திரும்பினார். "ஏய், இதுல ஏன் எழுதின?"

"நிக்கிற அத்தனையிலயும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க? உங்களுது இல்லன்னா சொல்லுங்க, இப்பவே அழிச்சிடறேன்."

"என்னுது இல்ல!" என்று ஊரே கேட்கக் கத்தினார் அந்தப் பெரிய மனுஷர்.

"அப்ப கேக்க ஆளில்ல. ஜேசிபியை வரச் சொல்லுங்க," என்றார் கலெக்டர்.

குடோன் சரிந்தபோது கூட்டம் கைதட்டியது. கலெக்டர் பக்கத்திலேயே நின்றதால் தண்டபாணியும் தட்டினார்.