ஒரே வரியில் சூடும் அலாரமும்

“இன்னும் எத்தனை தடவைதான் திருப்பி அனுப்புவீங்க டீச்சர்?”

செருப்பைக் கழற்றும் முன்னே கேட்டுவிட்டார் இருதயராஜ். ஆட்டோக்காரரும் அவருமாகத் தூக்கி வந்த வார்மரைக் கூடத்து நடுவில் இறக்கினார்கள். குறைமாசத்தில் பிறந்த பிள்ளைகளைக் கதகதப்பாக வைத்துக்கொள்கிற தொட்டில் அது.

காலைப் பூசையில் கூட அவருக்கு மனம் ஒட்டவில்லை. சாமியார் சமாதானம் சொன்னபோது, பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கும்பிடக் கை எழவில்லை. அப்படி ஒரு கோபம்.

மங்கையர்க்கரசி டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் இருதயராஜ் நரைத்த தலையோடு வந்து வேலை கற்றது அவரிடம்தான். கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து ஆள்கிற நிரலைக் கர்னல் என்பார்கள். அதற்குள் யார் எழுதியது போகலாம், யார் எழுதியது போகக் கூடாது என்று வாசலில் நின்று பார்க்கிறவர்களில் டீச்சரும் ஒருவர்.

“வாங்க அண்ணாச்சி. காப்பி குடிக்கீங்களா?”

“காப்பி வேண்டாம். நியாயம் வேணும்.”

“உக்காருங்க.”

“உக்கார மாட்டேன். இந்த வார்மருக்கு நான் எழுதின நிரல்ல தப்பு இருக்கா? சூடு ஏறுதா இல்லையா? அலாரம் அடிக்குதா இல்லையா?”

“ஏறுது. அடிக்குது.”

“பின்னே ஏன் சேர்க்கல?”

“பதில் போட்டிருந்தேனே.”

“என்ன பதில்? ஒரு கோப்புக்கு ஒரு எண்ணுன்னு ஒத்தை வரி! சூடு, ஈரம், வெளிச்சம், அலாரம்னு எல்லாத்தையும் ஒரே கோப்புல, ஒரே வரியில, அழகா வரிசையா வச்சிருக்கேன். ஒரு பார்வையில எல்லாம் தெரியும். அதைப் பிச்சுப் பிச்சு தனித்தனிக் கோப்பாப் போடணுமாம்! ஒரு இலையிலதானே டீச்சர் எல்லாத்தையும் பரிமாறுதோம்? உப்புக்கு ஒரு இலை, சோத்துக்கு ஒரு இலைன்னா போடுதோம்?”

“இலைக்கு முன்னால ஒருத்தர்தான் அண்ணாச்சி உக்காருவாங்க.”

“இந்த மாதிரி பேசித்தான் ஆளைக் கவுக்குதீங்க!”

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருதயராஜின் வயிற்றெரிச்சலில் எண்ணெய் ஊற்றியது.

“சிரிங்க. மலை மேல ஆஸ்பத்திரியில இந்தத் தொட்டிலுக்காகக் காத்திருக்காங்க. துணியில சுத்தி, தாய் நெஞ்சோட அணைச்சு வச்சுக் காப்பாத்துதாங்க அந்தப் பிஞ்சுகளை. ஒரு பிள்ளை குளிர்ல விறைச்சுப் போனா யாரு பொறுப்பு? உங்க ஒத்தை வரிச் சட்டமா? ஒண்ணைப் பெத்திருந்தாத் தெரியும்.”

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. டீச்சருக்குப் பிள்ளை இல்லை. ஆனால் விட்ட வார்த்தையை அள்ள முடியுமா? முகத்தைக் கடுகடுவென்றே வைத்துக்கொண்டார்.

டீச்சர் கோபிக்கவில்லை. எழுந்து போய் இரண்டு மடிக்கணினிகளை எடுத்து வந்தார். இரண்டையும் வார்மரோடு இணைத்தார். ஒன்றை இருதயராஜ் பக்கம் தள்ளினார்.

“நீங்க நர்ஸ். நான் டாக்டர்.”

“எனக்கு விளையாட நேரமில்ல.”

“எனக்கும்தான். ஆரம்பிக்கலாமா?”

வார்மர் முகப்பில், வைத்திருக்கிற சூடு முப்பத்தெட்டு டிகிரி என்று சிவப்பாக எரிந்தது.

“அலாரம் அலறிட்டே இருக்கு. பிள்ளை தூங்க மாட்டேங்குது. சத்தத்தைக் குறைங்க சிஸ்டர்.”

இருதயராஜ் பல்லைக் கடித்தபடி தன் கோப்பைத் திறந்தார். அவர் பெருமைப்பட்ட அந்த ஒற்றை வரி திரையில் வந்தது. முதலில் சூடு, கடைசியில் அலாரம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கடைசி எண்ணைத் தேடிப்போய் ஒன்பதை அழித்து, மூன்று என்று அடித்தார்.

அதற்குள் டீச்சர் தன் பக்கத்தில் அதே வரியைத் திறந்து ஏதோ தட்டினார்.

“பிள்ளைக்குச் சூடு அதிகம். இறக்கிட்டேன்.”

முகப்பில் முப்பத்தாறு வந்தது.

“நானும் முடிச்சாச்சு” என்று இருதயராஜ் தன் வரியைச் சேமித்தார். “பாத்தீங்களா, இவ்வளவுதான் வேலை! இதுக்குப் போயி…”

டீச்சர் தொட்டிலுக்குள் கையை நீட்டி, பிள்ளை படுக்கிற இடத்தில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் போனது. டீச்சரின் கை அங்கேயே இருந்தது.

இருதயராஜ் முகப்பைப் பார்த்தார். முப்பத்தெட்டு.

“டீச்சர்! ஏன் மறுபடி ஏத்தினீங்க?”

“நான் ஏத்தல.”

“பின்னே யாரு ஏத்தினா? வீட்டுல நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்? என் வேலையைக் குத்தம் சொல்லணும்னே இப்படிச் செய்யுதீங்களா? பிள்ளை கிடக்கிற இடம் டீச்சர் அது! மெழுகு மாதிரி இருக்கும் அதுக தோலு!”

“ஆமா.”

“மொதல்ல கையை எடுங்க!”

டீச்சர் கையை எடுக்கவில்லை. கண்ணால் அவருடைய திரையைக் காட்டினார்.

இருதயராஜ் குனிந்தார். சற்று முன் அவர் சேமித்த வரி அப்படியே நின்றது. கடைசியில் அலாரம் மூன்று. அவர் மாற்றியது.

முதலில், சூடு முப்பத்தெட்டு. அவர் திறந்தபோது எது இருந்ததோ அது. டாக்டர் இறக்குவதற்கு முன்னால் இருந்தது.

வரியில் ஒரு எண்ணை மட்டும் தனியாக அனுப்ப வழியில்லை. முழு வரியும்தான் போயிருக்கிறது. அப்படி எழுதியவர் அவரேதான்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“டீச்சர்… நான் சூட்டைத் தொடவே இல்லையே.”

“தெரியும் அண்ணாச்சி. நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளையும் இதையேதான் சொல்லி அழும்.”