தூங்கும் அம்மனின் சப்பரம்

“நீங்க அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்மா. நான் சொன்னா ஒருத்தனும் கேட்க மாட்டேங்கிறான்.”

வந்ததும் வராததுமாக வைரவன் இதைத்தான் சொன்னார். கும்பிடக்கூட மறந்துவிட்டார், அவ்வளவு கோபம்.

உமையாள் அம்மை மடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துறவு பூண்டவர். வயது முப்பத்தைந்துதான் இருக்கும். வைரவனுக்கோ ஐம்பத்தெட்டு. ஆனாலும் பத்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அம்மையிடம் பாடம் கேட்கிறார். ஊரில் எவருக்கும் வணங்காத தலை அது. இங்கே மட்டும் வணங்கும்.

“உட்காருங்க ஐயா. என்ன நடந்தது?”

“உட்கார்ற நேரமா இது! விடிஞ்சா திருவிழா. சப்பரம் தூக்க வரமாட்டோம்னு பன்னெண்டு பேரும் ஒரே பேச்சா நிக்கிறானுங்க.”

மலைக்கோயில் சப்பரம் தூக்குகிறவர்களுக்கு வைரவன்தான் தலைவர். அவர் அப்பாவும் தாத்தாவும் பார்த்த வேலை. மாசி மாதம் மலையம்மன் முந்நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி ஊருக்குள் வருவாள். தூங்கிக்கொண்டேதான் வருவாள் என்பது ஐதீகம். அடிவாரம் வந்தபிறகுதான் மேளம் கொட்டி அவளை எழுப்ப வேண்டும். அதுவரைக்கும் கொட்டு கிடையாது, குழல் கிடையாது. தோள் கொடுத்தவன் இருமக்கூடக் கூடாது.

அத்தனை பெரிய சப்பரம் ஒரு சத்தமில்லாமல் இறங்குவதைப் பார்க்கவென்றே வெளியூர் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வரும். அந்தப் பேர் வைரவனுக்கு உயிர்.

“வேற ஆள் வைக்க முடியாதா?”

“பழகாதவனை அந்தப் படியில விட்டா உயிர் போயிரும்மா. நாளைக்கு அம்மன் இறங்காட்டி நான் இந்த ஊர்ல எப்படி நடமாடுவேன்? எங்க தாத்தா காலத்துலருந்து ஒரு வருஷம் நின்னதில்ல.” சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

“ஏன் வரமாட்டேங்கிறாங்க?”

வைரவன் வேறு பக்கம் பார்த்தார்.

“ஒருத்தனை அறைஞ்சேன்.”

அம்மை கீரையிலிருந்து கையை எடுத்தார்.

“முந்தாநாள் வெள்ளோட்டம். வெறும் சப்பரத்தை இறக்கிப் பார்த்தோம். பாதி மலையில ஒரு முணுமுணுப்பு, எனக்குப் பின்னாடியே. நானும் பொறுத்துப் பார்த்தேன். நிக்கல. விட்டு விட்டுக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஊரே நின்னு பாக்குது. திரும்பிப் பிரம்பால சப்பரக் கம்புல ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். கப்சிப்.”

“அப்புறம்?”

“ரெண்டு படி தாண்டல, செவத்தான் தடுக்கி விழுந்தான். சப்பரம் சாய்ஞ்சு பாறையில மோதிக் கலசம் நசுங்கிப்போச்சு. இருபது வருஷமா தூக்குறவன்! வாயில இருந்த கவனம் கால்ல இல்ல. விட்டேன் ஒரு அறை. எல்லார் முன்னாடியும்தான். அதுக்கென்ன? எங்கப்பா என்னை அறையலையா?”

“செவத்தான் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். மத்தவனுங்கதான் துள்ளுறானுங்க. அதுலயும் அந்த மருதை இருக்கானே, ‘நீங்களே தூக்கிக்குங்கண்ணே’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயிட்டான்.”

“இறங்கும்போது செவத்தான் முகம் எப்படி இருந்தது?”

“முகத்தை யார் பார்த்தா? நான் முன்னால போறவன்மா.”

“சரி. என்ன முணுமுணுத்தாங்க?”

“என்னது?”

“உங்க காதுல விழுந்ததே. அது என்ன வார்த்தை?”

வைரவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மானம் போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியைப் பார்!

“அதை யார் கண்டா? பேசக்கூடாதுன்னா பேசக்கூடாது. என்ன பேசினா என்ன?”

அம்மை ஆய்ந்த கீரையை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

“நீங்க கூப்பிட்டா வருவாங்கம்மா. உங்க பேச்சைத் தட்டமாட்டாங்க.”

“வருவாங்க. தூக்கவும் தூக்குவாங்க.” அம்மை எழுந்தார். “உலை வைக்கணும். சுனையில தண்ணி எடுத்துட்டு வந்துடலாம், கூட வாங்க.”

“இப்பவா?”

அம்மை அதற்குள் அண்டாவோடு வாசல் படலைத் தாண்டிப் போய்விட்டார். திட்டவும் முடியாது, விடவும் முடியாது. வைரவன் சுவரில் சாத்தியிருந்த மூங்கில் கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

சுனை மடத்துக்கு மேலே, ஒரு கூப்பிடு தூரத்தில். அண்டா நிறைய மொண்டு, கம்பின் நடுவில் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக இறக்க வேண்டும். அம்மை முன்பக்கம் தோள் கொடுத்தார். பின்பக்கம் வைரவனுக்கு.

அவர் தோளில் கம்பு ஏறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. தலைவரான நாளிலிருந்து பிரம்பு ஒன்றுதான் சுமை.

இறங்கத் தொடங்கியதும் சங்கடம் தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் அண்டா, அதைத் தாண்டினால் அம்மையின் முதுகு. தன் கால் எங்கே படுகிறது என்று பார்க்க வழியில்லை. குனிந்தால் தண்ணீர் சிந்தும். தடமோ கல்லும் வேருமாகக் கிடந்தது. வலது பக்கம் கிடுகிடு சரிவு.

“கல்லு,” என்றார் அம்மை மெல்ல.

வைரவன் காலைத் தூக்கி வைத்தார்.

“வேர்.”

தாண்டினார்.

“பள்ளம். இடது பக்கம்.”

ஒதுங்கினார்.

கொஞ்ச தூரத்தில் பயம் விட்டது. குரல் சொன்ன இடத்துக்குக் கால் தானாகப் போயிற்று. பரவாயில்லையே, பழைய தெம்பு இன்னும் இருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

பாதி இறக்கத்தில் குரல் நின்றது.

அம்மை நடந்துகொண்டேதான் இருந்தார். கம்பு முன்னால் இழுத்தது. வைரவன் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. மூன்றாவது அடிக்குக் கால் எழவில்லை.

“அம்மா! ஏன் நிறுத்திட்டீங்க?”

“எதை?”

“சொல்லிக்கிட்டே வந்தீங்களே, அதை! நீங்க சொல்லாட்டி நான் எப்படிக் கால் வைப்பேன்? கண்ணு தெரியாதவன் மாதிரி...”

சொன்ன வார்த்தை அவருக்கே உறைத்தது.

அம்மையும் நின்றார். இரண்டு பேரும் அண்டாவைத் தரையில் இறக்கினார்கள்.

வைரவன் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். விட்டு விட்டுக் கேட்ட முணுமுணுப்பு. படிக்கு ஒரு தடவை, ஒரே வார்த்தை. ஏதோ வெட்டிப் பேச்சு என்று நினைத்தாரே, இல்லை, ஒரே ஒரு குரல். மருதையின் குரல். கம்பில் செவத்தானுக்கு முன்னால் நிற்கிறவன் அவன்தான்.

“படி... படி... படி...”

அதைத்தான் அவர் பிரம்பால் தட்டி நிறுத்தியிருக்கிறார்.

“அய்யோ, பாவி நான்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். “விழ வச்சதும் நானே, அறைஞ்சதும் நானே.”

அம்மை அண்டாவிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அவரிடம் நீட்டினார். வைரவன் அதை வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டார்.

“தண்ணியை நான் பார்த்துக்கறேன். நீங்க போங்க ஐயா.”

செவத்தான் வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். வைரவனைக் கண்டதும் பேச்சு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. செவத்தான் மட்டும், வந்தது யார் என்று தெரியாமல் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

வைரவன் நேரே போய் அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்தார்.

“எந்தக் கண்ணுப்பா?”

செவத்தான் உதடு துடித்தது.

“இடதுண்ணே. ரெண்டு வருஷமாச்சு. இப்ப வலதும் மங்குது.” அதற்குள் அழுகை வந்துவிட்டது அவனுக்கு. “சொன்னா என்னை எடுத்துருவீங்கன்னு பயந்துட்டேன். எங்கப்பன் தூக்கின கம்புண்ணே அது.”

“எடுத்துத்தான் இருப்பேன்,” என்றார் வைரவன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

கையை நீட்டி, தான் அறைந்த கன்னத்தைத் தடவினார். பன்னிரண்டு பேருக்கு எதிரில் அவர் அழுதார். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“மன்னிச்சிரு செவத்தா. நாளைக்கு நான் பிரம்பு எடுக்கல. உனக்கு முன்னால நின்னு படிக்குப் படி நானே சொல்றேன். சத்தமா சொல்றேன். கேக்குமா?”

“கேக்கும்ணே.”

சுவரோரம் நின்ற மருதை தொண்டையைச் செருமினான்.

“ஊரே கூடி நிக்கும்ணே. முந்நூத்திப் பன்னெண்டு படிக்கும் கத்திக்கிட்டு வந்தா, ஆத்தா முழிச்சுக்க மாட்டாளா?”

மூன்று தலைமுறையாகக் கட்டிக் காத்த பேர், எத்தனை பேர் வாயில் விழப்போகிறதென்று வைரவனுக்குத் தெரியாதா?

“முழிக்கட்டும்,” என்றார். “அவளும் பார்த்து இறங்கட்டும்.”

மருதை துண்டை உதறித் தோளில் போட்டான்.

“எந்திரிங்கடா. பொழுது சாயறதுக்குள்ள கம்பு கட்டணும்.”