நாற்காலி காட்டிய ஓட்டை

ஜவுளிக்கடை மொட்டைமாடி முழுக்க, மழை இறங்காத ஷீட் போட்டுக் கொடுத்தவர் இன்ஜினியர் பரஞ்சோதி. முதல் மழைக்கே தண்ணீர் ஃபால்ஸ் சீலிங் மேல் ஓடிப் பரவி, ஓட்டை எங்கே என்றே தெரியாதபடி கடை முழுக்கச் சொட்டியது.

"ஷீட்டை ஒட்டினவ இவதான், முதலாளி!" என்று பரஞ்சோதி தன்னிடம் கூலி வேலை செய்யும் செங்கமலத்தைக் கை காட்டினார். அவளிடம், "மாடி ஏறாம ஓட்டை எங்கேன்னு சொல்லு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

செங்கமலம் கடை நடுவில் நாற்காலி போட்டு பரஞ்சோதியை உட்கார வைத்தாள். "சொட்டுனா சொல்லுங்க சார்" என்றவள், "தண்ணியத் தொறந்து விடுங்கப்பா!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். அவர் கால்மேல் கால் போட்டார். நாற்காலியை வாசல் ஓரம் மாற்றி உட்கார வைத்தாள். அவள் வாயைத் திறக்குமுன்பே துள்ளி எழுந்தார்.

"இங்க வேணாம், சட்டை நனைஞ்சிடும்!"

"மேல ஆளே இல்லீங்க முதலாளி. சார் எந்திரிச்ச இடத்துக்கு நேர் மேல போய்ப் பாருங்க."

முதலாளி போய்ப் பார்த்தார். ஷீட்டைத் துளைத்து இறக்கிய நாலு போல்ட்டின் மேல், 'இன்ஜினியர் பரஞ்சோதி' என்ற விளம்பரப் பலகை கம்பீரமாக நின்றது.